பெரிய, துறுதுறு நாய் நம் வீட்டுக்கு ஒத்து வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. குட்டி வாங்குவதற்கு முன்னால் வருபவை ஒன்று, குட்டிக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆனபிறகு வருபவை இன்னொன்று. முதல் வகையில் உற்சாகம் பொங்கும். இரண்டாவது வகையில் சோபா கிழிந்த கதையும் தோள்பட்டை வலியும் அக்கம்பக்கத்துச் சண்டையும் இருக்கும். முன்னால் கேட்டிருந்தால் பின்னால் கேட்க வேண்டியிருந்திருக்காது என்று தோன்றும் கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"துறுதுறு நாய்"னு எதைச் சொல்றீங்க? எல்லா நாயும் ஓடத்தானே செய்யும்?

ஓடும். ஆனால் சில இனங்கள் நாள் முழுக்க வேலை செய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஜெர்மன் ஷெப்பர்ட் ஆட்டுமந்தையைச் சுற்றிச் சுற்றி ஓடிக் காவல் காத்த நாய். ஹஸ்கி பனியில் வண்டி இழுத்தது. டால்மேஷன் குதிரை வண்டியோடு கூடவே ஓடியது. லாப்ரடார் குளிர்ந்த தண்ணீரில் நீந்தி, வேட்டையாடிய பறவையை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. இப்போது அந்த வேலை இல்லை, ஆனால் அதற்கான உடம்பும் மூளையும் அப்படியே இருக்கின்றன. கோல்டன் ரெட்ரீவர், டாபர்மேன், பாக்ஸர், வைமரனர், பெல்ஜியன் மாலினாய் எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும்.

உருவத்தையும் துறுதுறுப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரேட் டேன் தோள் உயரமே 80 சென்டிமீட்டரைத் தாண்டும், ஆனால் வளர்ந்தபின் நிதானமான நாய். கிரேஹவுண்ட் சில நிமிடம் புயல் மாதிரி ஓடிவிட்டு மீதி நாளைப் படுக்கையில் கழிக்கும். அந்தப் பக்கம் ஜாக் ரஸல் டெரியர் மடியில் அடங்கும் அளவுதான், ஆனால் வீட்டையே தலைகீழாக்கும். இந்தப் பக்கத்தில் நாம் பேசுவது இரண்டும் சேர்ந்த நாய்களைப் பற்றி: 25 முதல் 40 கிலோ வரை எடை, அதோடு ஓயாத உடம்பு.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வாக்கிங் கூட்டிட்டுப் போகணும்? அரை மணி நேரம் போதுமா?

போதாது. பிரிட்டனின் கென்னல் கிளப் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், டால்மேஷன் போன்ற இனங்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி தேவை என்கிறது. இது வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கான கணக்கு. குட்டிக்கு வேறு கணக்கு, அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு மணி நேரமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு நீண்ட நடை, மாலையில் ஒன்று, நடுவில் விளையாட்டு, மோப்பம் பிடித்துத் தேடும் வேலை, பத்துப் பத்து நிமிடமாகப் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளலாம். நடக்கும்போது ஒவ்வொரு செடியாக நின்று முகர விடுவதும் நாய்க்கு வேலைதான். மூக்கால் உழைத்துவிட்டு வரும் நாய் வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் தூங்கும்.

பலரும் சறுக்குவது நேர அளவில் அல்ல, "தினமும்" என்ற சொல்லில். மழை பெய்யும் நாளும், உங்களுக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளும், விருந்தாளி வந்திருக்கும் நாளும் இதில் அடக்கம்.

நாங்க அபார்ட்மென்ட்ல இருக்கோம், தோட்டம் இல்லை. பெரிய நாயே வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. சரியா?

முழுக்கச் சரியில்லை. நாய் வீட்டுக்குள் பெரும்பாலும் தூங்கத்தான் செய்யும். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூக்கத்திலும் ஓய்விலும் கழிக்கிறது. வெளியே போதுமான வேலை கொடுத்தால் சின்ன வீட்டிலும் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். நான் முதலில் கேட்பது உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று இல்லை. காலை ஆறு மணிக்கு யார் வீட்டில் எழுந்திருக்கிறார், மாலை ஏழு மணிக்கு யார் கையில் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கிறது என்றுதான் கேட்பேன்.

ஆனால் மாடி வீட்டுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. குட்டிக்குச் சிறுநீர் வந்தால் காத்திருக்காது, நான்காவது மாடியிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை இறங்க வேண்டியிருக்கும். லிஃப்டுக்குள் அந்நியரோடும் வேறு நாயோடும் அருகருகே நிற்கப் பழக்க வேண்டும். நாய் குரைத்தால் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும். லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள்: பன்னிரண்டு வயதில் இடுப்பு விழுந்த 35 கிலோ நாயை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது?

எங்களுக்குப் பெரிய தோட்டமே இருக்கு. அவுத்து விட்டா அதுவா ஓடிக்குமே?

ஓடாது. ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் வந்து உட்காரும். இல்லாவிட்டால் மண்ணைத் தோண்டும், வேலியோரம் போவோர் வருவோரைப் பார்த்துக் குரைக்கும். தனியாக ஓடி விளையாடி உடற்பயிற்சி செய்துகொள்ளும் நாய் அபூர்வம். தோட்டம் உங்களுக்கு வசதி. அவசரத்துக்குக் கதவைத் திறந்துவிடலாம், அவ்வளவுதான்.

நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம். காலைல போனா சாயங்காலம்தான் வருவோம்.

குட்டி என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று மாதக் குட்டியால் சிறுநீரைச் சில மணி நேரம்தான் அடக்க முடியும். அதைவிட, உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் அதற்கு ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் பலவகை மனிதர்கள், சத்தங்கள், வண்டிகள் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்திருக்க வேண்டும். பூட்டிய வீட்டில் அது நடக்காது.

வளர்ந்த நாய் என்றால், நடுவில் ஒருவர் வந்து வெளியே கூட்டிப் போகும் ஏற்பாடு இருந்தால் சமாளிக்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரத் தனிமையைப் பழகிய நாய் தாங்கும். ஒன்பது, பத்து மணி நேரம் தினமும் என்றால், அதற்கு முன்னும் பின்னும் நடை போக வேண்டும் என்பதையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் நாளில் மிஞ்சுவது என்ன? கணக்கு இடிக்கிறது என்றால் அமைதியான வேறு நாயைப் பார்க்கலாம், அல்லது வாழ்க்கை மாறும் வரை காத்திருக்கலாம்.

இந்த இனம் இப்படி, அந்த இனம் அப்படின்னு போட்டிருக்காங்களே. அதைப் பாத்தே முடிவு பண்ணலாமா?

அதைப் பார்த்துத் தொடங்கலாம், முடிவு பண்ணக் கூடாது. 2022-ல் "சயின்ஸ்" இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் அதிகமான நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். மீதி அந்தந்த நாயின் தனிப் பிறப்பு, வளர்ப்பு, அனுபவம்.

அதற்காக இனம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. மனிதர் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் ஆர்வம் போன்ற சில குணங்களில் இனத்தின் பங்கு கூடுதலாகவே தெரிந்தது. ஒரே இனத்துக்குள்ளும் வம்சம் வேறு. போலீஸ், ராணுவ வேலைக்காக வளர்க்கும் வம்சத்து ஜெர்மன் ஷெப்பர்டும் கண்காட்சிக்காக வளர்க்கும் வம்சத்ததும் பெயரில்தான் ஒன்று. ஆகவே குட்டியின் தாயை நேரில் பாருங்கள், முடிந்தால் தந்தையையும். அந்நியரைக் கண்டால் தாய் என்ன செய்கிறது, அதனால் அமைதியாகப் படுக்க முடிகிறதா என்று கவனியுங்கள். தாயைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கத் தயாராக இருப்பவரிடமும் வாங்காதீர்கள்.

சின்னக் குழந்தை இருக்கு. லாப்ரடார் குழந்தைங்ககிட்ட ரொம்ப சாதுன்னு சொல்றாங்களே?

சாதுவான நாயாலும் குழந்தைக்கு அடிபடும். பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது கடி அல்ல, மோதல். பத்து மாத லாப்ரடார் முப்பது கிலோ இருக்கும். கதவு மணி அடித்ததும் அது நடைவழியில் பாய்ந்தால், நடை பழகும் குழந்தை சுவரில் போய் விழும். வாலாட்டலே மூன்று வயதுக் குழந்தையின் முகத்துக்குச் சாட்டையடி. மேய்க்கும் இனங்களில் இன்னொரு பழக்கம் உண்டு: ஓடும் குழந்தையின் குதிகாலை லேசாகக் கவ்வித் திருப்பப் பார்க்கும். அது கோபமில்லை, ஆடு மேய்க்கும் புத்தி. குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாதே.

அப்புறம் கடி. எந்த இனமானாலும், எவ்வளவு நம்பிக்கையானதானாலும், சின்னக் குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாத அறையில் விடக் கூடாது. நாய் கடிப்பதற்கு முன் பலமுறை சொல்லிவிடும்: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு விறைக்கும், உறுமும். உறுமியதற்காக அடித்தால் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கப் பழகிக்கொள்ளும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தை அதன் பக்கம் போகாமல் தடுக்க ஒரு சின்னத் தடுப்புக் கதவு போதும். பெரும்பாலான சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

கைக்குழந்தையும் குட்டி நாயும் ஒரே வருடத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டுக்கும் இரவில் எழ வேண்டும். இரண்டும் கையில் கிடைத்ததை வாயில் போடும். குழந்தைக்கு ஐந்து, ஆறு வயதாகி "தொடாதே" என்றால் புரியும் பருவம் வரட்டும்.

அம்மாவுக்கு எழுபது வயசு. பகல்ல அவங்கதான் வீட்ல இருப்பாங்க, பாத்துக்குவாங்க.

இதை அம்மாவே சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். பல வீடுகளில் நாய் வந்தபிறகுதான் அம்மாவுக்குத் தன் பொறுப்பே தெரியவருகிறது.

30 கிலோ நாய் பூனையைப் பார்த்து ஒரு முறை பாய்ந்தால் போதும், கயிற்றைப் பிடித்திருப்பவர் தரையில் இருப்பார். முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்தால் மீள்வது கஷ்டம். மார்புப் பக்கம் கயிறு மாட்டும் ஹார்னஸ் இழுப்பைக் குறைக்கும், ஆனால் நாயின் எடையைக் குறைக்காது. அம்மா உணவு வைக்கலாம், பேச்சுத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், வெளியே கூட்டிப் போக மட்டும் வேறு ஆள் இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களில் வலு குறைந்தவர் கயிற்றைப் பிடிக்கும் வேளை எப்போதாவது வரும், அதை வைத்துத்தான் நாயின் எடையைத் தீர்மானிக்க வேண்டும்.

ஹஸ்கின்னா எனக்கு உயிர். எங்க ஊர்ல வெயில் அதிகம், ஆனா ஏசி போட்டுடுவோம். பரவாயில்லையா?

ஏசி அறையில் ஹஸ்கி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த இரண்டு மணி நேரப் பயிற்சி எங்கே நடக்கும்? அறைக்குள் நடக்காது. விடியலுக்கு முன்பும் இரவு வெகுநேரம் கழித்தும் வெளியே போகலாம், அதுவும் காற்றில் ஈரப்பதம் அதிகமான நாட்களில் ஆபத்துதான். நாய் நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்வதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ஈரக் காற்றில் அது சரியாக வேலை செய்யாது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். அடங்காத மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வாந்தி, அடர் சிவப்பு ஈறு இவை தெரிந்தால் உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்று படவைத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இது ஹஸ்கிக்கு மட்டுமல்ல, வெயிலில் பந்தை விடாமல் துரத்தும் லாப்ரடாருக்கும் நடக்கும். நடைபாதை சூடா என்று பார்க்க, புறங்கையைத் தரையில் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

வெயிலுக்காக முடியை மழித்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். இரட்டை அடுக்கு முடி வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும், முடி திரும்பச் சரியாக வளராமலும் போகலாம். இதையெல்லாம் சமாளித்தாலும் ஹஸ்கி மதிலைத் தாண்டும், மண்ணைத் தோண்டித் தப்பிக்கும், ஊளையிடும், கூப்பிட்டால் வருவதற்கு அதற்கென்று தனி மனநிலை வேண்டும். அழகுக்காக மட்டும் என்றால் படம் மாட்டிக்கொள்வது நல்லது.

முடி ரொம்பக் கொட்டுமா? ஒவ்வாமை வருமா?

கொட்டும். லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வருடம் முழுக்கக் கொட்டும், பருவம் மாறும்போது மூட்டை மூட்டையாக. குட்டை முடிதானே என்று டால்மேஷனை வாங்கியவர்கள் சோபாவில் குத்தி நிற்கும் வெள்ளை முடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன, ஆகவே முற்றிலும் ஒவ்வாமை தராத நாய் என்று எதுவுமில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், முடிவெடுக்கும் முன் அதே இன நாய் இருக்கும் வீட்டுக்குச் சில முறை போய் நீண்ட நேரம் இருந்து பாருங்கள்.

பெரிய நாய்க்குச் செலவு எவ்வளவு அதிகமாகும்?

தொகை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கணக்கு போடும் முறை ஒன்றுதான்: எல்லாமே எடையைப் பொறுத்தது. வளர்ந்த 30 கிலோ நாய்க்குத் தினமும் தோராயமாக 1,400 கிலோ கலோரி வேண்டும், நிறைய ஓடும் நாய்க்கு இன்னும் அதிகம். பூச்சி மருந்து, உண்ணி மருந்து, மயக்க மருந்து, ஆண்டிபயாட்டிக் எல்லாம் கிலோ கணக்கில்தான். குட்டிப் பருவத்தில் வாங்கும் படுக்கை, பட்டை, ஹார்னஸ் எல்லாம் சில மாதங்களில் சின்னதாகிவிடும்.

குட்டியின் விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். பத்து, பன்னிரண்டு வருடச் செலவில் அது சின்னப் பகுதிதான். ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச்செல்லும் இடத்துக்கான செலவை யாரும் எழுதி வைப்பதில்லை. பெரிய நாயைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர்களும் அவ்வளவு சுலபத்தில் சம்மதிப்பதில்லை.

குட்டியிலிருந்தே ட்ரெயினிங் கொடுத்தா அடங்கிடும்ல?

நன்றாகப் பழகும். "அடங்கும்" என்பதுதான் இடிக்கிறது. உட்கார், வா, விடு என்று கற்றுக்கொடுத்தால் அதன் துறுதுறுப்பு குறையாது, அதை எங்கே காட்டலாம் என்று அதற்குத் தெரியவரும். ஐந்து மாதத்தில் எல்லாம் கேட்ட குட்டி எட்டு மாதத்தில் காது கேளாதது போல் நடிக்கும். இதை 2020-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள், பார்வையற்றோருக்கு வழிகாட்ட வளர்க்கப்படும் நாய்க் குட்டிகளிடம் பார்த்திருக்கிறார்கள்: ஏறத்தாழ எட்டு மாத வயதில் குட்டிகள் தங்களை வளர்ப்பவரின் சொல்லை முன்பைவிடக் குறைவாகக் கேட்டன, அந்நியர் சொன்னால் கேட்டன. அது வயசுக் கோளாறு, கடந்துவிடும். பெரிய இனங்களில் முழுதாக நிதானம் வர இரண்டு வயது, சிலவற்றில் மூன்றுகூட ஆகும். எனக்கு வரும் இரண்டாவது வகை அழைப்புகள் எல்லாம் சரியாக இந்த எட்டு மாதக் கட்டத்தில்தான் வருகின்றன.

அடித்தோ கழுத்தை வெடுக்கென்று இழுத்தோ அடக்கலாம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். பயந்த 35 கிலோ நாய் உங்களுக்கு வேண்டாம்.

நல்லா ஓட விட்டுக் களைப்பாக்கினா போதும்ங்கறாங்க. ஒரு மணி நேரம் பந்து எறிஞ்சா போதாதா?

முதல் மாதம் போதும். அடுத்த மாதம் ஒன்றே கால் மணி நேரம் கேட்கும். ஓட ஓட அதன் தெம்புதான் கூடுகிறது, நீங்கள் ஓட்டப் பந்தய வீரரை உருவாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பந்தையே பார்த்துப் பார்த்துப் பரபரப்பிலேயே இருக்கும் நாய்க்கு வீட்டுக்கு வந்தும் அடங்கத் தெரியாது. ஓட்டத்தோடு மோப்ப வேலை, மெல்லும் பொருள், பாயில் சும்மா படுத்திருக்கும் பயிற்சி எல்லாம் சேர வேண்டும். சும்மா இருப்பதையும் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், இந்த இனங்களுக்கு அது தானாக வராது.

குட்டிக்கு இது இன்னும் முக்கியம். எலும்பு நீளமாக வளரும் மென்மையான பகுதிகளான வளர்ச்சித் தகடுகள் பெரிய இனங்களில் மூட 12 முதல் 18 மாதம் வரை ஆகும். அதுவரை கடினத் தரையில் வலுக்கட்டாயமாக நீண்ட தூரம் ஓட வைப்பது, சைக்கிளோடு ஓட்டுவது, உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்க வைப்பது கூடாது. மண்ணில், புல்லில் அதன் போக்கில் விளையாடலாம். குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம் தூங்குவதும் இயல்புதான். சாயங்காலம் வெறிபிடித்தது போல் சுற்றும் குட்டிக்குப் பல சமயம் தூக்கம்தான் குறைந்திருக்கும்.

கருத்தடை பண்ணிட்டா அமைதியாகிடுமாமே?

துறுதுறுப்பு அதனால் போகாது. ஊர் சுற்றுவது, வீட்டுக்குள் சிறுநீர் அடித்து இடம் பிடிப்பது போன்றவை ஆண் நாய்களில் குறையலாம். எப்போது செய்வது என்பதில்தான் பெரிய இனங்களுக்கு யோசனை தேவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த கோல்டன் ரெட்ரீவர்களில் சில மூட்டுக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. இனத்தையும் பாலினத்தையும் சொல்லி மருத்துவரிடம் காலத்தை முடிவு செய்யுங்கள்.

பெரிய நாய்ங்களுக்குன்னு தனியா என்ன நோய் வரும்?

மூன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒன்று, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத ஹிப் டிஸ்பிளேசியா. ஓரளவு பரம்பரையாக வருவது. தாய், தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே முடிவைக் கேட்டுப் பெறுங்கள், "எங்க நாய்க்கு அதெல்லாம் இல்ல" என்ற வாய்ச்சொல் போதாது. இரண்டு, ஆழமான மார்புள்ள இனங்களுக்கு வரும் வயிறு முறுக்கல். வயிறு வீங்கும், வாந்தி வருவது போல் குமட்டும் ஆனால் ஒன்றும் வராது, நிலைகொள்ளாமல் நடக்கும், எச்சில் வடியும். காலை வரை பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போய்விடும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எங்கே என்று நாய் வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூன்று, டாபர்மேன்களிடம் அதிகம் காணும் இதயத் தசை நோய். வெளியே தெரியாமலே முற்றிவிடும் என்பதால் வருடந்தோறும் இதயப் பரிசோதனை தேவை.

நம் கையில் இருப்பது எடை. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-ல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தள்ளியே வந்தது. லாப்ரடாருக்கு எப்போதும் பசிப்பது போல் இருப்பதற்கும் காரணம் உண்டு: ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாவமாகப் பார்க்கிறதே என்று தட்டை நிரப்பாதீர்கள்.

குட்டி வாங்கறதா, வளர்ந்த நாயைத் தத்தெடுக்கறதா?

முதல் முறை வளர்ப்பவருக்கு இரண்டு, மூன்று வயது நாய்தான் என் பரிந்துரை. குட்டியிடம் நீங்கள் ஊகிக்கிறீர்கள், வளர்ந்த நாயிடம் பார்க்கிறீர்கள். எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு ஓடும், குழந்தையிடம் எப்படி, தனியாக இருக்குமா எல்லாம் தெரிந்துவிடும். மேலே சொன்ன எட்டு மாதக் கண்டமும் தாண்டியிருக்கும். ஒரே சந்திப்பில் முடிவெடுக்காமல், வெவ்வேறு வேளைகளில் நடைக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். புது வீட்டுக்கு வந்த முதல் சில வாரம் அடக்கமாக இருந்துவிட்டு, பிறகுதான் அதன் நிஜ சுபாவம் வெளியே வரும்.

ரெண்டு குட்டியா வாங்கினா ஒண்ணுக்கு ஒண்ணு துணையா விளையாடிக்குமே?

விளையாடும், உங்களை மறந்துவிட்டு. ஒரே வயதுக் குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மனிதரிடம் பழகாமல் போவது உண்டு. தனித்தனியாகப் பயிற்சி, தனித்தனியாக நடை என்று வேலைதான் இரட்டிப்பாகும். முதல் நாய் நிதானமானபின் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

எனக்கு மட்டும்தான் ஆசை. வீட்டுக்காரர் "உன் பொறுப்பு, என்னை இழுக்காதே"ங்கறார். வாங்கலாமா?

சின்ன நாய் என்றால் ஒருவேளை. இந்த அளவு நாயை ஒருவர் மட்டும் பத்து வருடம் பார்த்துக்கொள்வது கடினம். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் நடைக்கு யார் கூட்டிப் போவார்? அவர் உதவ வேண்டும் என்றுகூட இல்லை, எதிர்ப்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஒருவர் சோபாவில் ஏறவிட்டு இன்னொருவர் விரட்டினால் நாய்தான் குழம்பும்.

பேச்சில் சண்டை போடுவதைவிட, நாயில்லாமலே ஒத்திகை பாருங்கள். ஒரு மாதம் தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மழையானாலும் சரி, ஞாயிறானாலும் சரி. குட்டி வாங்குவதாக இருந்தால் ஒரு வாரம் நள்ளிரவில் ஒரு முறை எழுந்து கீழே இறங்கிவிட்டு வாருங்கள். போக முடியாத நாட்களைச் சுவரில் ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் "நாங்க பாத்துக்கறோம்" என்று சத்தியம் செய்திருந்தால் அவர்களுக்கும் இதே பரீட்சை. மாத முடிவில் அந்தக் காகிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டிப் பேசுங்கள்.

இதெல்லாம் தெரியாம வாங்கிட்டோம். இப்ப ஒன்பது மாசம். சமாளிக்கவே முடியலை, யாருக்காவது கொடுத்துடலாமா?

உடனே முடிவெடுக்க வேண்டாம். ஒன்பது மாதம் என்பது மிக மோசமான கட்டம், காரணம் மேலே இருக்கிறது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், வலியோ தோல் அரிப்போ இருந்தாலும் நாய் நிலைகொள்ளாது. பிறகு நேர அட்டவணையைச் சரிசெய்யுங்கள்: நடை, மோப்ப வேலை, தூக்கம். நாளின் ஒரு பகுதிக்கு ஆள் வைத்து நடைக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். இரண்டு, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்தால் பல நாய்கள் ஆளே மாறிவிடுகின்றன.

ஆனால் நாய் வீட்டில் யாரையாவது கடித்திருந்தாலோ, குழந்தை அதற்குப் பயந்து அறையைவிட்டு வெளியே வராத நிலை என்றாலோ, அனுபவமுள்ள பயிற்சியாளரும் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அதன்பிறகும் இந்த வீடு இதற்கு ஒத்துவராது என்று தெரிந்தால், வேறு நல்ல வீடு தேடுவதில் அவமானம் எதுவுமில்லை. நாள் முழுக்கக் கட்டிப்போட்டு வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கொடுக்கும்போது மறைக்காதீர்கள். அது எதைக் கண்டு பயப்படும், எதைக் கிழிக்கும், யாரைப் பார்த்து உறுமியது, எவ்வளவு நடந்தால் அமைதியாகும் என்று எல்லாவற்றையும் தடுப்பூசி அட்டையோடு எழுதிக் கொடுங்கள். வாங்க வருபவரை வீட்டுக்கு அழைத்து, நாய் அதிகமாகக் குதிக்கும் வேளையிலேயே பார்க்கவிடுங்கள். அப்போதும் சரி என்பவரிடம் கொடுங்கள், தயங்குபவரை வற்புறுத்தாதீர்கள்.